சம்பந்தப்பட்ட இடம்

ஒரு மனிதர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பொருளைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்துவிட்டு, அது உடம்பில் எங்கே தடவுவதற்கானது என்பதை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொல்லாமல் ஓய்வுபெற்றுவிட முடியுமா? விளாங்குடி கல்யாணராமனின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இதுதான். முடியும் என்றே அவர் நம்பினார். ஏறக்குறைய நிரூபித்தும்விட்டார். இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்திருந்தால் போதும்.

செய்வது கையின் வேலை, சொல்வது வாயின் வேலை என்று பிரித்துக்கொண்டால் இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. கல்யாணராமனுக்குக் கை நன்றாகவே வேலை செய்தது. களிம்பு, தைலம், பசை என்று எதைக் கொடுத்தாலும் விரலிடையில் ஒரு துளியைத் தேய்த்துப் பார்த்து, இது வெயிலில் உருகும், இது மழைக்காலத்தில் நீர் விட்டுப்போகும் என்று சொல்லிவிடுவார். அதற்குமேல் அவரைப் புகழ ஒன்றும் இல்லை. அந்தத் தொழிலில் அத்தனை காலம் இருந்தால் யாருக்கும் வரக்கூடியதுதான்.

அவருடைய அப்பா அழகர்கோவில் மடப்பள்ளியில் தோசை வார்த்தவர். பிள்ளை பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, தலைவலித் தைலம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இருபது வருடத்துக்கு மேல் அங்கே ஓடியது. தைலத்தை நெற்றியில் தடவ வேண்டும். நெற்றியைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. நெற்றி என்பது அவரைப் பொறுத்தவரை தினமும் காலையில் நாமம் இடுகிற மரியாதையான இடம். கம்பெனி மூடப்பட்டபோது, அழகர்கோவில் சாலையில் இருந்த ஒரு ஆய்வு மையத்தில் களிம்பு செய்யத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். உடனே எடுத்துக்கொண்டார்கள். என்ன களிம்பு என்று அவர் கேட்கவில்லை. களிம்பு களிம்புதானே என்று நினைத்துவிட்டார்.

முதல் கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. மையத்தின் தலைவி டாக்டர் பிரியம்வதா வைரஸ்களைப் படித்தவர். வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எதையும் அதன் பெயரால் அழைப்பவர். பலகையில் ஒரு படம் வரைந்து, உடலுறவின் மூலம் தொற்றுகிற வைரஸ்கள் எந்த வழியாக நுழைகின்றன, எந்தச் சவ்வில் ஒட்டுகின்றன, களிம்பு எங்கே இருந்தால் அவற்றைத் தடுக்கும் என்று ஒவ்வொரு உறுப்பாகக் காட்டிச் சொன்னார். கல்யாணராமன் படத்தைப் பார்க்காமல், படத்துக்கு மேலே இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"சம்பந்தப்பட்ட இடத்தில் அமிலத்தன்மை எவ்வளவு இருக்கும், மேடம்?"

அருமையான கேள்வி என்று பிரியம்வதா சொன்னார். கேள்வி நல்லதுதான். ஆனால் அதில் இருந்த முதல் இரண்டு சொற்களும் அன்றிலிருந்து அந்த மையத்தில் குடியேறிவிட்டன. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது ஏதோ அறிவியல் கலைச்சொல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நம் மொழியையும் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு அது வைத்திருக்கிற பெயர்களில் பாதி புத்தகத்தில் மட்டும் இருக்கிறவை. மீதி தெருச்சண்டையில் மட்டும் கேட்கிறவை. உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற இருவருக்கு நடுவில் வைக்கத்தக்க ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பது அரிது. கல்யாணராமன் தேடவும் இல்லை.

வீட்டில் நடந்தது இன்னும் எளிது. வேலையில் சேர்ந்த அன்று மனைவி ஜகதாம்பாள் என்ன களிம்பு என்று கேட்டாள். தோல் பாதுகாப்புக் களிம்பு என்றார். "பித்தவெடிப்புக்கா?" என்றாள். அவர் இருமினார். அந்த இருமலை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு பொய் பிறப்பதற்கு யாரும் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அது விளாங்குடி முழுக்க நடமாடத் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குதிகாலைத் தூக்கிக் காட்டி, மாமா ஒரு டியூப் கொண்டுவரப்படாதா என்று கேட்பார்கள். ஆராய்ச்சி முடியலை என்பார் அவர். கஞ்சன் என்று பெயர் வந்தது. அதையும் சுமந்தார்.

களிம்பின் கதையையும் சொல்ல வேண்டும். மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் முங்கி எடுக்கிற ஒரு வகைக் கடற்பாசியைக் காய்ச்சினால் வழவழப்பான கூழ் கிடைக்கும். நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்கிற மாதிரி சில வைரஸ்கள் அந்தக் கூழில் ஒட்டிக்கொள்ளும். வேட்டியில் ஒட்டிய விதை மண்ணில் விழுந்து முளைக்காது. அதுபோல, கூழில் ஒட்டிய வைரஸ் உடம்புக்குள் போகாது. அதோடு வைரஸைக் கொல்லும் மருந்து ஒன்றையும் சேர்த்துவிட்டால், ஹெர்ப்பிஸ் போன்ற நோய்களிலிருந்து பெண்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளலாம் என்பது பிரியம்வதாவின் நம்பிக்கை. ஆணுறையை மாட்டிக்கொள் என்று புருஷனிடம் சொல்லிச் சண்டை போட்டுத் தோற்ற பெண்களுக்கு, யாரிடமும் கேட்காமல் தங்கள் கையிலேயே ஒன்று இருக்க வேண்டும். அதுதான் திட்டம்.

மருந்து சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை இருந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பைப் பெண்களிடம் கொடுத்து, அவர்கள் அதை உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். பயன்படுத்தாத களிம்பில் எந்த மருந்தைக் கலந்து என்ன பயன்? இந்தச் சோதனையில் தேறினால் அடுத்த கட்டம். தேறாவிட்டால் பன்னிரண்டு வருட வேலை அலமாரிக்குள் போய்விடும், கல்யாணராமனும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். இதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அவர் தன் மூக்கை நம்பினார்.

கடற்பாசிக் கூழில் லேசாகக் கடல் வாசனை இருந்தது. மற்றவர்களுக்கு அது தெரியவே இல்லை. மடப்பள்ளி நெய் வாசனையில் வளர்ந்த கல்யாணராமனுக்கு மட்டும் அது மீன் சந்தையே எழுந்து வந்த மாதிரி இருந்தது. இதை எந்தப் பெண்தான் கையால் தொடுவாள் என்று கவலைப்பட்டார். தைலக் கம்பெனி நாட்களில் பழகிய மணங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, கடைசியில் உடம்பை உறுத்தாத ஒரு சந்தன மணத்தைக் கண்டுபிடித்தார். துளியூண்டுதான். டியூபைத் திறந்தால், அபிஷேகம் முடிந்து திரை விலகிய கணத்தில் சந்நிதியில் வருகிற மணம். பிரியம்வதா முகர்ந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். உறுத்தல் சோதனைகளில் தேறியது. அனுமதி தர வேண்டிய குழுவும் தந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அலங்காநல்லூருக்கு அருகே ஒரு ஊரில் நாற்பது பெண்கள் சோதனையில் சேர்ந்தார்கள். அவர்களைச் சேர்த்தவள் முத்துமீனா. அதே ஊர்க்காரி, சமூகப்பணி படித்தவள். அவள் அண்ணன் பெயர் பீமாராவ் என்றால் அந்த வீட்டில் எதைப் படித்து எதை நம்பினார்கள் என்பது புரியும். அவர்களின் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது அண்ணனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. முத்துமீனாவிடம் ஒரு ஸ்கூட்டரும், யாருக்கும் கூசாத வாயும் இருந்தன. களிம்பை எங்கே, எப்படி, அதற்கான பிளாஸ்டிக் குழலில் ஏற்றி எவ்வளவு உள்ளே செலுத்த வேண்டும் என்று அவள் ஊர்ப் பேச்சிலேயே விளக்கினாள். பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள்.

ஒன்றிரண்டைத் தவிர டியூபுகள் எல்லாம் காலியாகித் திரும்பி வந்தன. எப்படி இருந்தது என்று கேட்டால், குளுகுளுன்னு இருந்துச்சு, மணமா இருந்துச்சு, இன்னும் குடுங்க என்று பதில். கல்யாணராமன் அன்றைக்கு மையத்தில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். ஆனால் திரும்பி வந்த குழல்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு நீலச் சாயத்தைத் தெளித்தால், உடம்புக்குள் போய் வந்த குழலில் மட்டும் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஜிகர்தண்டா குடித்து முடிவதற்குள் அந்த முடிவு வந்துவிட்டது. நான்கைந்தைத் தவிர மற்றவையெல்லாம் கடையில் இருந்து வந்த மாதிரியே வெள்ளையாக இருந்தன.

டியூப் காலி, குழல் புதுசு. அப்படியானால் களிம்பு எங்கே போயிற்று?

முத்துமீனா போய்க் கேட்டாள். அவளிடம் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அவள் அவர்களுடைய பிள்ளை, அவள் மனசு நோகக் கூடாது, அவள் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். திரும்பி வந்து கல்யாணராமனிடம் நீங்களே ஒரு தடவை வாங்க சார் என்றாள். வேறு ஆள், வயசானவர், கேட்டால் சொல்வார்கள். கூழ் கெட்டுப்போயிருக்குமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்ததால் சரி என்றார். பஸ் ஏறிப் போனார். நெற்றியில் எப்போதும் போல நாமம்.

அந்த நாமம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அல்லது, எல்லாவற்றையும் தெளிவாக்கியது.

முத்துமீனாவின் சித்தி மலையம்மாள் அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள் புருஷன் கருப்பு நாக்பூர் வரை லாரி ஓட்டுகிறவன். கல்யாணராமன் வாசலில் நுழைந்ததும் மலையம்மாள் அவர் நெற்றியைப் பார்த்தாள், பக்கத்துப் பெண்களைப் பார்த்தாள், நான் சொன்னேன்ல என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய், மிச்சம் இருந்த ஒரு டியூபைத் தட்டில் வைத்து எடுத்துவந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கும் இருந்தன.

"சாமி, இது அழகர் கோயில்ல இருந்துதான வருது?"

கல்யாணராமன் சுற்றிப் பார்த்தார். ஒரு பெண்ணின் நெற்றியில் லேசான பளபளப்பு. ஒரு குழந்தையின் கழுத்தில், வேர்க்குரு மேல், அதே பளபளப்பு. வீடு முழுக்க அவர் துளித்துளியாகச் சேர்த்த சந்தன மணம்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் நாள் டியூபைத் திறந்ததுமே கோயில் வாசம் அடித்ததாம். இதைக் கொண்டுபோய் அங்கே தடவினால் அடுக்குமா என்று எல்லோருக்கும் பயம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் மீனாவுக்குக் கெட்ட பெயர். அதனால் பாவம் இல்லாத இடமாகப் பார்த்துத் தடவித் தீர்த்திருக்கிறார்கள். நெற்றி, கழுத்து, பிள்ளைகளின் முதுகு. மலையம்மாள் புருஷனின் வழுக்கையில் தடவியிருந்தாள்.

"முடி மொளைக்கல சாமி. ஆனா லாரில போற எடமெல்லாம் ஒங்க தலை மணக்குதுண்ணேன்னு கிளீனர் பய சொல்லுறானாம்."

அவர்களுடைய முன்னோர்கள் அந்தக் கோயில் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தவர்கள். கோயிலுக்குள் இருந்தவற்றில், யாரும் தடுக்க முடியாமல் அவர்கள்வரை வந்தது மணம் ஒன்றுதான். அதை அவர்கள் கவனமாக வைத்திருந்தார்கள். இது கல்யாணராமனுக்கு அன்று உறைத்ததா என்று சொல்ல முடியாது. வியர்த்தது மட்டும் தெரிந்தது.

முத்துமீனா பொறுக்க மாட்டாமல் எழுந்தாள். அவரு சாமி இல்ல சித்தி, சாரு, பேரு கல்யாணராமன், இது கோயில்ல இருந்து வரல, கடற்பாசில செஞ்சது, எத்தனை தடவ சொல்லுறது என்றாள். மலையம்மாள் அசையவில்லை.

"நீ சொல்லுவ. ஆபீஸ்ல ஒனக்குச் சொல்லிவிட்டத நீ சொல்லுவ. செஞ்சது இவருதான? இம்புட்டு மணமா, இம்புட்டு பக்தியா செஞ்சவரு, நெத்திக்கின்னு செஞ்சிருப்பாரு. நடுவுல எவனோ எடம் மாத்திவிட்டுட்டான். எங்க தடவன்னு செஞ்சவரே சொல்லட்டும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கல்யாணராமன் இருமினார். விளாங்குடியில் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லுபடியான இருமல் அது. இங்கே ஒருத்தி எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். இனித் தப்பிக்க வழியில்லை.

"அது வந்து... சம்பந்தப்பட்ட இடத்துல."

"எதுக்குச் சம்பந்தப்பட்ட?"

நோய்க்கு என்றார். என்ன நோய் என்றாள். அக்கி மாதிரி ஒன்று என்றார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து உடம்பில் படம் எழுதிக்கொள்வார்கள். மலையம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்றது அந்த எடமா இருந்தா, குயவர் எப்பிடி சாமி எழுதுவாரு?"

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணராமன் எழுந்து, இன்னொரு நாள் விவரமாக வந்து சொல்கிறேன் என்று கும்பிடு போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மையத்தில் பிரியம்வதா முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. பணம் தருகிறவர்களிடம் பேசி, இன்னும் ஒரே ஒரு சுற்றுக்கு அனுமதி வாங்கினார். அதே ஊர், அதே பெண்கள். இதுவும் போனால் மூடிவிட வேண்டியதுதான். மணத்தை எடுத்துவிடுங்கள் என்றார். கல்யாணராமன் எடுத்தார். மறுபடியும் மீன் சந்தை. இதை எப்படித் தொடுவார்கள் என்று முத்துமீனாவிடம் முனகினார். அவள் சிரித்துவிட்டாள்.

"தண்ணி வத்திக் கம்மாய் அழிச்சா மீன் புடிச்சுக் கொழம்பு வைக்கிறவுக சார் நாங்க. இந்த வாசம் எங்க யாருக்கும் தெரியவே இல்ல. ஒங்க ஒரு மூக்குக்காகத்தான் இம்புட்டும் நடந்துருக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னாள். மணம் போனால் மட்டும் ஆகாது. அது கோயில் பொருள் என்று அவர்கள் மனசில் விழுந்துவிட்டது. நான் ஆயிரம் சொன்னாலும் எடுபடாது.

"ஒங்க நெத்தி சொன்னத ஒங்க வாய்தான் சார் மாத்தணும்."

அன்றிலிருந்து கல்யாணராமன் பயிற்சி எடுத்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வைகைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, முணுமுணுவென்று சொல்லிப் பார்ப்பார். புத்தகச் சொல் ஒன்றைச் சொல்வார். அது பட்டிமன்றம் மாதிரி இருந்தது. மருத்துவச் சொல் ஒன்றைச் சொல்வார். அது ஆஸ்பத்திரிப் பலகை மாதிரி இருந்தது. இங்கிலீஷில் எளிதாக வந்தது, ஆனால் இங்கிலீஷில் சொல்வது சொல்லாமல் இருப்பதுதான் என்று அவருக்கே தெரிந்தது. குளிக்கும்போது சொன்னார். பூக்கட்டும்போது சொன்னார். ரிட்டயர்மெண்ட் நெருங்க நெருங்க இவருக்குப் பக்தி முத்திப் போச்சு, எப்பப் பார்த்தாலும் ஏதோ ஜபம் என்று ஜகதாம்பாள் எதிர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறித்த சனிக்கிழமை காலையில் அவர் நாமம் இட்டுக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசல் வரை போய் நின்றார். பிறகு திரும்பி வந்து, அடுப்படியில் நின்றவளிடம், கிளம்பு, ஒரு கூட்டத்துக்குப் போகணும் என்றார். என்ன கூட்டம் என்றாள். களிம்புக் கூட்டம் என்றார். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் அவளை வேலை சம்பந்தமாக எங்கும் அழைத்துப்போனதில்லை. ஓய்வுபெறப் போகிறவருக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டு, அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்து, வழியில் சாப்பிட மிளகு தோசையும் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பெண்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்கள். ஊர் ஆண்கள் யாரும் வரக் கூடாது என்பது முத்துமீனாவின் ஏற்பாடு. பட்டுப் புடவையோடு இறங்கிய ஜகதாம்பாளைப் பார்த்து முத்துமீனாவே திகைத்துப்போனாள். முன் வரிசையில் மலையம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். ஜகதாம்பாள் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துப் புன்னகை செய்தாள். மாலை ஒன்றையும் காணோமே என்று மட்டும் ஒரு யோசனை.

கல்யாணராமன் எழுந்து நின்றார். டியூபைக் கையில் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமப் போனவர் செருமவில்லை.

"இதை நான்தான் செஞ்சேன். கோயில்ல இருந்து வரலை. நெத்திக்குன்னு செய்யலை. பொம்பளைகளுக்குப் பிள்ளை வர்ற வழி இருக்கே, அந்த வழிக்குள்ள தடவுறதுக்குன்னுதான் செஞ்சேன். மொதல் நாள்லேர்ந்து அதுக்குத்தான். நடுவுல யாரும் எடத்தை மாத்தலை."

அவர் நிறுத்தவில்லை. புருஷன் வெளியே போய் வாங்கிக்கொண்டு வருகிற நோய் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது, அதை வாசலிலேயே நிறுத்தத்தான் இது, இப்போது இதில் மருந்து கிடையாது, நீங்கள் உபயோகித்தால்தான் மருந்து சேர்ப்பார்கள் என்றார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றார். சந்தனத்தைச் சேர்த்தது தன் மூக்குக்குப் பயந்துதான், அது தன் பிசகு, இப்போது அது இல்லை என்றார். அந்த வழி என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் அலங்காநல்லூர் பஸ் போகிற வழியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

முன் வரிசையில் ஜகதாம்பாள் மெல்லக் குனிந்து தன் குதிகாலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் குதிகாலைப் பார்த்தாள்.

மலையம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரு தாயி?"

"அவரோட சம்சாரம்."

கூடம் முழுவதும் அவள் பக்கம் சாய்ந்தது. மலையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க தடவிப் பாத்தீகளா?"

முத்துமீனா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணராமன் டியூபைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜகதாம்பாள் உள்ளதைச் சொன்னாள்.

"நேக்கே இப்பத்தான் தெரியும். பன்னண்டு வருஷமாப் பித்தவெடிப்புக்குன்னு நெனச்சிண்டிருக்கேன்."

முதலில் சிரித்தவள் மலையம்மாள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். ஜகதாம்பாளும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டாள், சேர்ந்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. மலையம்மாள் அவள் தொடையில் தட்டி, பாவம் தாயி, இந்த மனுசனோட எப்பிடித்தான் குடும்பம் நடத்துனீகளோ என்றாள். மிளகு தோசைப் பொட்டலம் கைமாறி முன் வரிசையில் சுற்றியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே யாரோ குழலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். முத்துமீனா செய்துகாட்டினாள். பக்கத்தில் இருந்த ஜகதாம்பாளும் எட்டிப் பார்த்தாள்.

அந்தச் சுற்றில் திரும்பி வந்த குழல்களில் பெரும்பாலானவை நீலமாகின. எல்லாம் இல்லை. ஆனால் போதுமான அளவு. மருந்து சேர்க்கிற அடுத்த கட்டத்துக்கு அனுமதி வந்தது. அது நோயைத் தடுக்குமா என்பது இன்னும் தெரியாது. தடுக்காமலும் போகலாம். ஆய்வகத்தில் கூழில் ஒட்டிய வைரஸ் எல்லாம் உடம்புக்குள்ளும் அப்படியே ஒட்டும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பிரியம்வதா இப்போது அந்த வேலையில் இருக்கிறார். கல்யாணராமன் குறித்த தேதியில் ஓய்வுபெற்றார். அன்றைக்கு உண்மையிலேயே மாலை போட்டார்கள். ஜகதாம்பாள் அதே அரக்குப் பட்டில் வந்தாள்.

அவளைக் கூட்டத்துக்கு ஏன் அழைத்துப்போனார் என்று முத்துமீனா பல முறை கேட்டுவிட்டாள். பெண்கள் மனைவியைப் பார்த்து நம்புவார்கள் என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பார் என்பது பிரியம்வதாவின் கட்சி. அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, தனியாக நின்று சொல்லப் பயம், அவ்வளவுதான் என்பது முத்துமீனாவின் கட்சி. இரண்டையும் அவரிடமே சொல்லிப் பார்த்தார்கள். இன்றைக்கு வெயில் அதிகம் என்றார்.

கூட்டத்தன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜகதாம்பாளும் கேட்டாள். அதுவரை ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தவள், தனக்குத்தானே ஒரு முறை சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆத்துலயே சொல்லியிருக்கப்படாதா? நான் மட்டும் இருக்கச்சே?"

கல்யாணராமன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். நாமம் கொஞ்சம் கலைந்தது. அவள் தன் முந்தானையால் அதைச் சரிசெய்தாள். பதில் வருமென்று விளாங்குடி வரை காத்திருந்தாள்.